சங்கமும் கும்பலும்: இளையர் நலனுக்குச் செலவான வெள்ளியின் வரலாறு

‘மானியம்’ என்னும் சொல்லை இன்று நாம் படிவங்களில் மட்டுமே காண்கிறோம். மன்றங்களும் சங்கங்களும் அரசிடமோ அறநிதிகளிடமோ பணம் கேட்டு எழுதும் விண்ணப்பத்தின் தலைப்பில் அது நிற்கும். அச்சொல்லுக்கு முன்னொரு காலத்தில் மண்வாசனை இருந்தது. தமிழகச் சிற்றூர்களில் ஊர்ப்பணி செய்வோருக்கு வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட நிலமே மானியம். கணக்கருக்கு மானியம் உண்டு, கோயிற்பணியாளருக்கு உண்டு, இரவில் களத்துமேட்டையும் கால்நடைகளையும் காத்த தலையாரிக்கும் உண்டு. அதற்கும் முன்னே சென்றால், சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்றொரு வரியைக் காண்கிறோம். ஊர்க்காவலுக்காக ஊராரிடம் தண்டப்பட்ட வரி அது. குற்றம் நிகழாமல் காக்க ஊரே பணம் தரவேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று என்பதற்கு இவ்விரு சொற்களும் போதிய சான்றாகும்.

ஆயினும் இக்கட்டுரையின் களம் தமிழகம் அன்று. கடல் கடந்து வந்த தமிழர் வாழ்ந்த பினாங்கிலும் சிங்கப்பூரிலும், இளையர் தவறான கூட்டங்களில் சேராதிருக்கப் பொதுப்பணம் எவ்வாறு செலவாயிற்று, யாருடைய பணம் செலவாயிற்று, அப்பணம் இளையரை என்ன பெயரிட்டு அழைத்தது என்பவற்றையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம். மொழியியல் பயின்றவர்கள் வரலாற்றுக்குள் நுழையும்போது சொற்களைப் பற்றிக்கொண்டே நுழைவது வழக்கம். அவ்வழக்கத்தை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

பினாங்கு, 1867

1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் ஆளுகையிலிருந்து நீங்கி, இலண்டனின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரம் ஏறத்தாழப் பத்து நாள் பற்றி எரிந்தது. கீ ஹின், தோ பே கோங் என்னும் இரு சீனச் சங்கங்களுக்கு இடையே மூண்ட மோதல் அது என்றே பாடநூல்கள் சுருக்கமாகச் சொல்லும். ஆனால் அம்மோதலில் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்னும் வேறு இரு சங்கங்களும் பங்கேற்றன. அவற்றில் மலாய்க்காரரும், தமிழ் முஸ்லிம்கள் உள்ளிட்ட இந்திய முஸ்லிம்களும், இரு மரபிலும் பிறந்த ஜாவி பெக்கான் மக்களும் இருந்தனர். வெள்ளைக்கொடியினர் கீ ஹின் பக்கமும், சிவப்புக்கொடியினர் தோ பே கோங் பக்கமும் நின்றனர். கொடிச் சங்கங்களின் பகை முஹர்ரம் கால ஊர்வலங்களோடு பின்னிப் பிணைந்தது. விழாக் கூட்டமாகத் தொடங்கியது தெருச் சண்டைப் படையாக மாறியது என்பதை ஆசிரியர்கள் சிறிது நின்று எண்ணிப் பார்க்கலாம். அடிக்கவேண்டும் என்று இளைஞர்கள் அச்சங்கங்களில் சேரவில்லை. தம் தெருவும் தம் கொடியும் அதுவே என்பதால் சேர்ந்தனர்.

கலகம் அடங்கிய பின் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சங்கங்களுக்குத் தலா 5,000 வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது. (மலாயாத் தமிழர் டாலரை ‘வெள்ளி’ என்பது வெறும் வழக்கு அன்று. அக்காலத்தில் கைமாறிய நாணயம் உண்மையிலேயே வெள்ளியாலானது.) அத்தண்டப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு நகரின் நான்கு இடங்களில் காவல் நிலையங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயர் தாங்கிய சூலியா வீதியில் எழுந்தது.

இவ்வட்டாரத்தில் குற்றத் தடுப்புக்கென ஒதுக்கப்பட்ட பணத்தின் தொடக்க வரலாறு இவ்வாறு அமைந்தது. குற்றம் புரிந்த சங்கமே பணம் கொடுத்தது. அப்பணம் கல்லாகவும் சுவராகவும் மாறிற்று. அச்சங்கங்களில் சேர்ந்த இளைஞனுக்கு வேறு போக்கிடம் உண்டா என்னும் கேள்வியை அன்று யாரும் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தாலும் அதற்கு விடையளிக்க அரசின் கருவூலத்துக்குத் தகுதி இருந்ததா என்பது ஐயமே. ஏனெனில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் பல ஆண்டுகளில் ஏறத்தாழ பாதி அபினிக் குத்தகையிலிருந்து வந்தது. அபினிக்கு அடிமையான கூலித் தொழிலாளியின் காசு காவலருக்குச் சம்பளமாயிற்று. அக்காவலர் அத்தொழிலாளியின் தெருவைக் காத்தார்.

பத்துப் பேர்

1869இல் அபாயச் சங்கங்களை ஒடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பெயரில் ஒடுக்குதல் இருந்ததே தவிர, செயலளவில் அது பதிவு செய்யும் சட்டமாகவே இயங்கியது. பத்துப் பேர் கொண்ட சங்கம் எதுவாயினும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்றது. 1877இல் சிங்கப்பூரில் சீனர் பாதுகாவலர் அலுவலகம் நிறுவப்பட்டது. சீன மொழியறிந்த வில்லியம் பிக்கரிங் அதன் முதல் தலைவரானார். 1889இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த சங்கங்கள் சட்டம் ஒரு படி மேலே சென்று, இரகசியச் சங்கங்களை முற்றாகத் தடை செய்தது.

இவ்விடத்தில் சொல் ஒன்று நம் கவனத்தை ஈர்க்கிறது. தமிழில் ‘சங்கம்’ என்பது மிக உயர்ந்த சொல். புலவர் கூடிய அவைக்கு நாம் அப்பெயரையே வழங்குகிறோம். அதே சொல்லை வாளும் தடியும் ஏந்திய கூட்டத்துக்கும் மலாயாத் தமிழ் வழங்கியது: ‘இரகசியச் சங்கம்’. பிற்காலத்தில் ‘குண்டர் கும்பல்’ என்னும் வழக்கு நிலைபெற்று, உயர்ந்த சொல்லைத் தாழ்ந்த பொருளிலிருந்து மீட்டது எனலாம். ஆனால் பழைய வழக்கில் ஓர் உண்மை பொதிந்திருந்தது. சங்கத்துக்குப் பெயர் உண்டு, தலைவர் உண்டு, சேரும் சடங்கு உண்டு, நோயுற்றால் கவனிப்பார் உண்டு, இறந்தால் தூக்குவார் உண்டு. ‘கும்பல்’ என்ற சொல்லில் இவை எதுவும் இல்லை. அது குவியலைக் குறிக்கும் சொல். கும்பல் என்று சொல்லத் தொடங்கியதும், உள்ளே இருப்பவன் எதைத் தேடி அங்குச் சென்றான் என்று கேட்பதை நாம் நிறுத்திவிட்டோம்.

சட்டம் மட்டும் சங்கத்தை மறக்கவில்லை. பத்துப் பேர் கூடினால் பதிவு செய்க என்னும் விதி இன்றும் சிங்கப்பூரின் சங்கங்கள் சட்டத்தில் உள்ளது. கொடிச் சங்கங்களின் நினைவில் பிறந்த அச்சட்ட மரபின் கீழேதான் தமிழ் அமைப்புகளும் மொழி மன்றங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பதிவு பெற்றன. இன்று ஓர் அமைப்பு மானியம் கேட்டு எழுதும்போது முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, ‘உங்கள் அமைப்பு பதிவு பெற்றதா?’ என்பதே. கும்பலை ஒடுக்க வகுத்த பதிவேடே இளையர் மன்றத்துக்குப் பணம் வழங்கும் வாயிலாகவும் ஆயிற்று. இவ்விரண்டையும் தனித்தனி வரலாறாக எழுத இயலாது என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஒரு வெள்ளியும் உணவுத் தட்டும்

1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். குடி, சடங்குச் செலவு, சாதிப் பூசல் ஆகியவற்றுக்கு எதிராக அவர்கள் பேசியதைக் குற்றத் தடுப்பு என்று அன்று யாரும் அழைக்கவில்லை. 1950களில் முரசில் மலர்ந்த மாணவர் மணிமன்றத்தையும் இளையர் ஈடுபாட்டுத் திட்டம் என்று யாரும் அழைக்கவில்லை. தன் பெயர் அச்சில் வருவதைக் காண ஒரு தோட்டத்துப் பிள்ளையோ துறைமுகத் தொழிலாளியின் மகளோ வாரந்தோறும் எழுதி அனுப்பினால், அவ்வெழுத்தைப் படித்துத் திருத்த ஒருவர் மேசையில் காத்திருந்தார். அரசுப் பணம் ஒரு காசும் அதில் இல்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெறப் போராடிய அதே காலத்தில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்காக ஒவ்வொரு தமிழரும் ஒரு வெள்ளி தரவேண்டும் என்று கேட்கப்பட்டது. 1956இல் இந்தியவியல் துறை தொடங்கியது. ஒரு வெள்ளி என்பது செல்வருக்கு எளிது, கூலித் தொழிலாளிக்கு அரிது. ஆயினும் இருவரும் தரக்கூடிய தொகை. அத்தொகையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதை மீண்டும் சந்திப்போம்.

அரசு பக்கம் மாற்றம் போருக்குப் பின் வந்தது. 1946இல் சிங்கப்பூரில் சமூகநலத் துறை அமைந்தது. மறு ஆண்டு அத்துறை சிறுவர்க்கு உணவளிக்கும் நிலையங்களைத் திறந்தது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் மெலிந்த பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு, அவ்வளவே நோக்கம். ஆனால் சாப்பிட்ட பிள்ளை உடனே எழுந்து போகவில்லை. போவதற்குப் பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள் பலர். தொண்டூழியர்கள் அவர்களுக்கு எழுத்தும் பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினர். உணவு நிலையங்கள் மெல்லச் சிறுவர் மன்றங்களாயின. இந்நாட்டில் பொதுப்பணத்தில் நடந்த இளையர் பணிகளுள் நாம் மிக மதிப்பது இதுவே. திட்டம் வரைந்தவர் எண்ணாததை, தட்டைக் கழுவிய பின்னும் அங்கேயே நின்ற பிள்ளை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது.

சட்டங்களும் அதே காலத்தில் நெகிழ்ந்தன. சிறுவர், இளையர் சட்டம் 1949இல் இயற்றப்பட்டது. 1951இல் வந்த நன்னடத்தைக் கண்காணிப்புச் சட்டம், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே இருக்கவிட்டு ஓர் அதிகாரியின் பார்வையில் வைக்க வழிசெய்தது. சிறைச் சுவருக்குச் செலவிடுவதற்கு மாற்றாக ஒரு மனிதரின் நேரத்துக்குச் செலவிடுதல் என்று இதை விளக்கலாம்.

தீவு

நெகிழ்வு ஒரு பக்கம் இருக்க, இறுக்கமும் வளர்ந்தது. 1950களின் சிங்கப்பூரில் வட்டாரக் கும்பல்கள் பெருகின. 1955இல் குற்றவியல் சட்டம் (தற்காலிக ஏற்பாடுகள்) வந்தது. 1958இல் செய்யப்பட்ட திருத்தம், கும்பல் உறுப்பினரை நீதிமன்ற விசாரணையின்றித் தடுத்துவைக்க இடமளித்தது. சாட்சி சொல்ல அஞ்சிய மக்களுக்கு அது தேவை என்று வாதிடப்பட்டது. ‘தற்காலிகம்’ என்னும் அடைமொழியோடு அச்சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு இன்றும் நடப்பில் உள்ளது. பொருள் மாறாமல் வடிவம் மாறும் சொற்களை மாணவர்க்குக் கற்பித்திருக்கிறோம். வடிவம் மாறாமல் பொருள் முற்றாக மாறிய சொல்லுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அச்சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டோரை என்ன செய்வது? சி. வி. தேவன் நாயர் தலைமையில் அமைந்த சிறை விசாரணைக் குழு, சீர்திருத்தத்தை முன்னிறுத்தியது. அதன் பயனாக 1960இல் தெற்குக் கடலில் உள்ள பூலாவ் செனாங் தீவில் ஒரு புதுமை முயற்சி தொடங்கியது. முதலில் ஐம்பது பேர் அங்கு அனுப்பப்பட்டனர். மதில் இல்லை, காவலர் துப்பாக்கி ஏந்தவில்லை. காட்டைத் திருத்தி, சாலை போட்டு, தங்கும் கட்டடங்களைத் தாமே எழுப்பி, வேலையின் வழியே மனிதர் திருந்துவர் என்பது நம்பிக்கை. தீவின் பெயருக்கு மலாயில் ‘இன்பத் தீவு’ என்பது பொருள். வெளிநாட்டவரும் வந்து வியந்து சென்றனர்.

1963 ஜூலை 12ஆம் நாள் தீவில் கலகம் வெடித்தது. கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் அவருடைய உதவியாளர்கள் சிலரும் கொல்லப்பட்டனர். எழுப்பிய கட்டடங்கள் எரிக்கப்பட்டன. 1965இல் பதினெண்மர் தூக்கிலிடப்பட்டனர். முயற்சி அத்துடன் முடிந்தது.

இந்நிகழ்ச்சியை வைத்து, ‘நம்பிக்கை வைத்தால் இதுதான் கதி’ என்று முடிவு கட்டுவோர் உண்டு. நாம் அம்முடிவை ஏற்கவில்லை. தீவுக்கு அனுப்பப்பட்டவருக்கு விடுதலை எந்நாள் என்று உறுதியாகத் தெரியாது. அது அதிகாரிகளின் மதிப்பீட்டைச் சார்ந்திருந்தது. உழைத்தால் போகலாம் என்பது வாக்கு. எவ்வளவு உழைத்தால் என்பது சொல்லப்படாதது. கொலைகளுக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் வெளியேறும் வாயில் எங்கே என்று காட்டாத எந்தச் சீர்திருத்தத்துக்கும் அளவில்லாத உழைப்பு ஒரு தண்டனையாகவே தோன்றும் என்பதை அத்தீவு கற்பித்தது.

தீவைத் தொடங்கிய அதே 1960இல், ஜூலை முதல் நாள், மக்கள் கழகம் நிறுவப்பட்டது. சமூக நிலையங்கள் அதன் பொறுப்பில் வந்தன. அவற்றுக்கு அரசியல் நோக்கம் இருந்ததை மறைக்கத் தேவையில்லை. புதிய அரசு மக்களை அணுக அவை வாயிலாயின. ஆயினும் 1963இல் தொலைக்காட்சி வந்தபோது சமூக நிலையங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளின் முன் நான்கு மொழி பேசுவோரும் ஒன்றாக அமர்ந்தனர். மாலை ஏழு மணிக்கு ஓர் இளைஞன் எங்கே இருக்கிறான் என்பதற்கு விடை கிடைத்தது. குற்றத் தடுப்பு நூல்கள் எவ்வளவு விரித்து எழுதினாலும் இறுதியில் அக்கேள்வியையே சுற்றி வருகின்றன.

கண்காணியும் கண்காணிப்பும்

குடியிருப்புகள் பெயர்ந்த காலத்தைச் சுருக்கமாகவே கடப்போம். கம்பங்களும் தொழிலாளர் வரிசை வீடுகளும் மறைந்து அடுக்குமாடிப் பேட்டைகள் எழுந்தன. தமிழ்க் குடும்பங்கள் தீவெங்கும் பரவின. 1946இல் தொடங்கப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அத்துடன் தமிழ்வழிப் பள்ளிகளின் காலமும் முடிந்தது. பள்ளி மூடியதால் மொழி இழந்தது எவ்வளவு என்று பலரும் எழுதியுள்ளனர். மாலை நேரத்தில் அத்திடலில் கூடிய இளையர் எங்கே போயினர் என்று எழுதியவர் குறைவு. புளோக்குகளின் கீழ்த்தளத்துக்குப் போயினர் என்பதே நேர்மையான விடை.

அக்கீழ்த்தளத்துக்கு அரசும் வந்தது. 1981இல் அக்கம்பக்கக் கண்காணிப்புத் திட்டமும் தேசியக் குற்றத் தடுப்பு மன்றமும் தோன்றின. 1983இல் ஜப்பானிய ‘கோபான்’ முறையைப் பின்பற்றி முதல் அக்கம்பக்கப் போலிஸ் சாவடி தோ பாயோவில் திறக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் பினாங்கில் எழுந்தது போலவே மீண்டும் கட்டடம்தான். ஆனால் இம்முறை அது வீட்டு வாசலில் இருந்தது, உள்ளிருந்த காவலர் சைக்கிளில் சுற்றி வந்தார், பாட்டிகளின் பெயரை அறிந்திருந்தார்.

இங்கே மற்றொரு சொல்லைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மலாயில் காவலரை மக்கள் ‘மாத்தா-மாத்தா’ என்றனர். மாத்தா என்றால் கண். தமிழில் தோட்டத்து மேற்பார்வையாளர் ‘கண்காணி’. அவரும் கண்ணால் காண்பவரே. கண்காணி என்றாலே கூலி பிடித்தம் நினைவுக்கு வந்த பாட்டன்மாரின் பேரன்மாருக்கு, ‘அக்கம்பக்கக் கண்காணிப்பு’ என்னும் மொழிபெயர்ப்பு அன்போடு ஒலித்திருக்க வாய்ப்பில்லை. ‘பார்த்துக்கொள்ளுதல்’ என்று வீட்டில் நாம் சொல்லும் சொல்லிலும் கண் உண்டு. அதில் அச்சம் இல்லை.

1991: மீண்டும் ஒரு வெள்ளி

1980களின் இறுதியில் இந்திய மாணவர்களின் கல்வித் தேர்ச்சி பின்தங்கியது குறித்துக் கவலை எழுந்தது. அதை ஆராய்ந்த செயற்குழு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1991இல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமாகிய சிண்டா நிறுவப்பட்டது. ஜே. ஒய். பிள்ளை அதன் முதல் தலைவர். அதன் நிதிக்கு வழி: வேலை செய்யும் இந்தியர் ஒவ்வொருவரின் மத்திய சேம நிதிப் பங்களிப்போடு சேர்த்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். வேண்டாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம். தொடக்கத்தில் அத்தொகை ஒரு வெள்ளி. இன்று சம்பளத்துக்கு ஏற்ப ஒரு வெள்ளி முதல் முப்பது வெள்ளி வரை. அரசும் தன் பங்குக்கு மானியம் அளிக்கிறது.

சாரங்கபாணி கேட்ட வெள்ளியும் இவ்வெள்ளியும் ஒன்றல்ல. முன்னதைக் கையால் எடுத்துக் கொடுத்தனர். பின்னது சம்பளச் சீட்டில் ஒரு வரியாகக் கழிகிறது. முன்னதற்கு மேடைப்பேச்சு தேவைப்பட்டது. பின்னது மழை போலத் தானே வருகிறது. மாதந்தோறும் உறுதியாக வரும் பணத்தைக் கொண்டே நிலையான பணியாளரை அமர்த்த முடியும், வகுப்பை ஆண்டுதோறும் நடத்த முடியும் என்பதால், உணர்ச்சி குறைந்த இரண்டாம் வெள்ளியே இளையர் பணிக்கு ஏற்றது என்பது நம் துணிபு. ஆனால் அதைத் தருபவர்களுள் எத்தனை பேர் தாம் தருவதை அறிவர்? ஆசிரியர்கள் உயர்நிலை மாணவரிடம் இக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். தன் தாயின் சம்பளத்திலிருந்து கழிந்த வெள்ளியும் தன் துணைப்பாட வகுப்புக்குப் பங்களித்தது என்று அறியும் மாணவனுக்கு ‘உதவி’ என்ற சொல்லின் பொருள் வேறாகும். அது இரவல் அன்று; அவன் வீட்டுப் பணம்.

விண்ணப்பத்தின் மொழி

1995இல் இளையர் குற்றம் பற்றி ஆராய அமைச்சுகளுக்கு இடையிலான குழு அமைக்கப்பட்டது. 1997இல் இரு திட்டங்கள் தோன்றின. சிறு குற்றம் புரிந்த இளையர் ஆறு மாதம் ஆலோசனையும் பயிற்சியும் பெற்று நிறைவு செய்தால், வழக்குத் தொடராமல் எச்சரிக்கையோடு விடுவது வழிகாட்டித் திட்டம். கும்பலோடு பழகத் தொடங்கியவரை மீட்பது ஸ்திரீட்வைஸ் திட்டம். அதுவும் ஆறு மாத காலம் நடைபெறுவது. பெற்றோரையும் நண்பரையும் உள்ளிழுத்துச் செயல்படுவது. இரண்டிலும் அரசு பணம் தந்தது. குடும்பச் சேவை நிலையங்களும் தொண்டமைப்புகளும் பணியைச் செய்தன. பூலாவ் செனாங்கில் இல்லாத ஒன்று இவற்றில் இருந்தது: ஆறு மாதம் என்னும் முடிவுநாள்.

ஆறு மாதம் இளையனுக்கு நல்லது. ஆனால் அவனோடு பணிபுரியும் அமைப்புக்கும் பணம் தவணையாகவே வரும்போது இடர் தொடங்குகிறது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தொடக்கம், நடுப்பகுதி அறிக்கை, நிறைவு அறிக்கை. பின் அடுத்த விண்ணப்பம். காற்பந்துச் சட்டைக்கும் மண்டப வாடகைக்கும் உணவுக்கும் பற்றுச்சீட்டு காட்டுவது எளிது. செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியை எடுத்துப் பேசிய பயிற்றுநரின் நேரத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஆகவே திட்டம் சட்டைகளால் நிரம்புகிறது, மனிதரால் அன்று. இது ஒரு நாட்டின், ஓர் அமைப்பின் குறை அன்று; தவணைப் பணம் எங்கே பாயினும் அது தேடும் பள்ளம் இதுவே.

மொழியின் இடர் இதனினும் நுட்பமானது. பணம் தருபவர், ‘இப்பணம் குற்றத்தைத் தடுக்குமா?’ என்று கேட்கிறார், கேட்பது முறையே. விண்ணப்பிப்பவர், ‘எம் பிள்ளைகள் ஆபத்தின் விளிம்பில் நிற்கின்றனர்’ என்று எழுதுகிறார். எழுதாவிடில் பணம் வாராது. எவ்வளவு இருட்டாக எழுதுகிறோமோ அவ்வளவு விளக்கு கிடைக்கும். விண்ணப்பங்களை மொழிபெயர்க்க நாம் உதவிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் கண்ட காட்சி ஒன்று உண்டு: படிவத்துக்காக எழுதப்பட்ட அச்சொற்றொடர் அறிக்கையிலிருந்து சுவரொட்டிக்கு இறங்கும், சுவரொட்டியிலிருந்து செய்திக்குச் செல்லும், செய்தியிலிருந்து வகுப்பறைக்கு வரும். பந்தாட வந்த பதினான்கு வயதுப் பையன், தான் ‘விளிம்பில் நிற்பவன்’ என்பதைச் சுவரொட்டியில்தான் முதன்முதல் படிப்பான்.

இது ஒருவன் அளவில். ஒரு சமூகம் முழுவதும் அவ்வாறு பெயர் பெறுவதை அண்டை நாட்டில் கண்டோம். 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினரின் இன விவரமும் உடன் வந்தது. பெரும்பான்மையினர் இந்தியர் என்றது அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடும் பள்ளியும் கோயிலும் ஒருசேர இழந்து நகர ஓரங்களுக்கு வந்த குடும்பங்களின் கதை அவ்வெண்களுக்குள் அடங்கவில்லை. மறு ஆண்டு இந்தியச் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்கெனப் பிரதமர் துறையின் கீழ் ‘செடிக்’ பிரிவு அமைந்தது. 2018இல் அது ‘மித்ரா’ எனப் பெயர் மாறியது. பணம் வந்தது நன்று. ஆனால் அப்பணத்துக்கு விண்ணப்பித்த பாலர் பள்ளி ஆசிரியையும் கணினி வகுப்பு நடத்திய இளைஞரும், தம் மாணவரைப் பற்றி எழுதும்போது அப்பட்டியலின் நிழலில் அமர்ந்தே எழுதவேண்டியிருந்தது.

சிங்கப்பூர்த் தமிழில் ‘இளைஞர்’ என்பதற்கு ஈடாக ‘இளையர்’ என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. ஆண்பாற் சாயலின்றி இருபாலாரையும் சுட்ட அது வசதியானது. சங்க இலக்கியத்தில் ‘இளையர்’ என்போர் தலைவனோடு செல்லும் ஏவலரும் வீரரும் ஆவர். பயணத்தில் துணை வருவோர், பணி முடிப்போர். தேசிய இளையர் மன்றம் 15 முதல் 35 வயது வரையுள்ளோரை இளையர் என்கிறது. இரு பிள்ளைகளுக்குத் தந்தையாகி வீட்டுக்கடன் கட்டும் முப்பத்தைந்து வயதினரும் அதில் அடங்குவர் என்பது சற்றே புன்னகைக்கத் தக்கது. ஆனால் பழைய பொருளில் அவர் அங்கு இருப்பது மிகப் பொருத்தம். பதினைந்து வயதினன் ஒருவனுக்குத் தேவைப்படுவது, தன்னைவிடப் பத்து இருபது ஆண்டு மூத்த, தன்னோடு நடந்து வரக்கூடிய ஒருவரே. 1867இல் கொடிச் சங்கமும் அதைத்தான் அளித்தது. அதனால்தான் அதற்கு ஆள் சேர்ந்தது.

நம் வாசகர்களுள் ஆசிரியர் பலர் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு மானியப் படிவத்தை நிரப்புகின்றனர். படிவத்தில் ‘பங்கேற்பாளர் யார்?’ என்னும் கட்டம் வரும். அங்கே ஒரு மாணவனின் குறையை எழுதுவதற்கு முன், அவன் என்ன செய்யவல்லான் என்பதை ஒரு வரியில் எழுதிப் பார்க்கலாம்: உறுமி வாசிப்பவர் பதினொருவர், தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அழைத்து வருபவர் நால்வர், கோல் காப்பாளர் ஒருவர். செலவுப் பட்டியலில் சட்டைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, பயிற்றுநரின் பயணச் செலவை இரு மடங்காக்கிக் கேட்கலாம். மறுக்கப்பட்டால், மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கலாம். படிவத்தின் பிரதி ஒன்று அம்மாணவர் கையில் கிடைத்தாலும் அவர்கள் முகம் சுளிக்காமல் படித்து முடிக்கும் வண்ணம் அது அமைந்திருக்கிறதா என்று, கையெழுத்திடும் முன் ஒருமுறை அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லலாம்.